ஜாப், ஒர்க், கரியர்: எங்க எது வரும்? – வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள பிரிச்சு பார்த்தா வேலை சம்பந்தமான இங்கிலீஷ் வார்த்தைங்க பத்தியே நெறைய பேர் கேட்டிருந்தீங்க, அதனால மத்ததெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளி வச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன். பதிலுக்கு போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். ஜாப்னா கீழ்ப்படி, கரியர்னா அதுக்கு மேல, ப்ரொஃபஷன்னா உச்சின்னு ஏணிப்படி மாதிரி நெனச்சுக்கிட்டு பல பேர் எழுதியிருக்கீங்க. அந்த நெனப்ப விட்டுடுங்க. ஒவ்வொரு வார்த்தையும் ஒவ்வொரு கேள்விக்கு பதில், அவ்வளவுதான். என்ன செய்யறோம், எந்த எடத்துல உக்காந்திருக்கோம், எத கத்துக்கிட்டோம், இத்தனை வருஷமா எந்தப் பக்கம் போயிட்டிருக்கோம், இதுல எத சொல்ல வர்றோம்னு தெரிஞ்சா வார்த்தை தானா வரும்.

கேள்வி: அக்கா, படிப்பு முடிச்சு இப்பதான் ஒரு கம்பெனில சேர்ந்திருக்கேன். மீட்டிங்ல அறிமுகம் பண்ணிக்க சொன்னப்போ "ஐ ஆம் டூயிங் ஜாப் ஹியர் சின்ஸ் டூ மந்த்ஸ்"னு சொன்னேன். டீம் லீட் அப்புறமா தனியா கூப்பிட்டு ஜாப்னு அங்க சொல்லக்கூடாது, ஒர்க்னு சொல்லுன்னாரு. ரெண்டும் ஒண்ணுதானே?

பதில்: ரெண்டும் ஒண்ணு இல்ல தம்பி, உங்க டீம் லீட் சொன்னது சரி. தனியா கூப்பிட்டு சொன்னாரு பாருங்க, நல்ல மனுஷன்.

ஒர்க்னா செய்யற செயல். ஜாப்னா ஒரு எடத்துல நமக்குன்னு இருக்கற வேலை, சம்பளம் வர்ற அந்த ஒரு யூனிட். அதனாலதான் ஜாப்ப எண்ணலாம், "எ ஜாப்", "டூ ஜாப்ஸ்"னு வரும். ஒர்க்க அந்த அர்த்தத்துல எண்ண முடியாது, தண்ணிய எண்ண முடியாத மாதிரி. "ஐ ஹேவ் மெனி ஒர்க்ஸ் டுடே"ன்னு நம்ம ஆளுங்க சொல்றத நாள் முழுக்க கேக்கலாம், ஆனா "ஐ ஹேவ் எ லாட் ஆஃப் ஒர்க்"னுதான் வரணும். எண்ணிக்கை வேணும்னா டாஸ்க்னு சொல்லுங்க, "ஐ ஹேவ் த்ரீ டாஸ்க்ஸ்". ஒர்க்ஸ்னு பன்மை வந்தா அர்த்தமே மாறிடும், ஒரு எழுத்தாளரோட படைப்புகள், ரோடு பாலம் மாதிரி கட்டுமானப் பணி, இல்லன்னா தொழிற்சாலை, இப்படி.

வினையா வர்றது ஒர்க் மட்டும்தான். "ஐ ஒர்க் ஹியர்" சரி, "ஐ ஜாப் ஹியர்" கெடையாது. அந்த எடத்த நிரப்பத்தான் "டூயிங் ஜாப்"னு ஒண்ண நாம செஞ்சு வச்சிருக்கோம். நீங்க சொல்ல வந்தது "ஐ ஹாவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் டூ மந்த்ஸ்". சின்ஸ் போட்டா அதுக்கப்புறம் ஒரு தேதியோ மாசமோ வரணும், எத்தனை நாள்ங்கற அளவு வந்தா ஃபார்தான். ஆனா "ஐம் ஜஸ்ட் டூயிங் மை ஜாப்"னு ஒருத்தர் சொன்னா அது தப்பு இல்ல, "என் கடமையத்தான் செய்யறேன்"னு அர்த்தம். நடுவுல அந்த "மை" இருக்கு பாருங்க, அது இருந்தா வாக்கியம் நிக்கும்.

ஒர்க் எடத்தையும் குறிக்கும். ஃபோன்ல "ஐம் அட் ஒர்க்"னு சொன்னா ஆபீஸ்ல இருக்கேன்னு அர்த்தம், "கோ டு ஒர்க்" அப்படியேதான், நடுவுல "தி" வராது. "ஐம் அவுட் ஆஃப் ஒர்க்"னா வேலை இல்லாம இருக்கேன். "ஐம் அவுட் ஆஃப் எ ஜாப்"னும் சொல்லலாம், ஆனா அந்த "எ" விட்டுப் போகக்கூடாது.

ஜாப்ங்கற வார்த்தைக்கு இன்னிக்கு இருக்கற மரியாதை அப்ப கெடையாதுங்கறதையும் தெரிஞ்சுக்குங்க. 1755-ல சாமுவேல் ஜான்சன் போட்ட அகராதில ஜாப்னா அற்பமான சில்லறை வேலை, எப்பவாவது கைக்கு வர்ற துண்டு வேலைங்கற மாதிரிதான் விளக்கம் இருக்கு. நிரந்தரமா சம்பளம் வர்ற உத்தியோகம்ங்கற அர்த்தம் அதுக்கப்புறம் வந்து ஒட்டிக்கிட்டதுதான். அந்த பழைய வாசனை இன்னும் போகல, "ஆட் ஜாப்ஸ்"னு சொன்னா கெடைக்கற சின்னச் சின்ன வேலைய செஞ்சு கொடுக்கறதுன்னு அர்த்தம்.

கேள்வி: மேடம், குழந்தையோட ஸ்கூல் ஃபார்ம்ல ஆக்குபேஷன்னு ஒரு கட்டம் இருக்கு. நான் வீட்டப் பார்த்துக்கறேன், மாமியாருக்கு ஒடம்பு சரியில்ல, அவங்களையும் நான்தான் பார்க்கறேன். அந்த கட்டத்துல "நில்"னு எழுதிட்டு வந்தேன். யாராவது கேட்டா "ஐ டோன்ட் ஒர்க்"னுதான் சொல்வேன். அது சரியான இங்கிலீஷ்தானான்னு ஒரு சந்தேகம்.

பதில்: இந்த கேள்விய அனுப்பினதுக்கு ரொம்ப நன்றிங்க. வந்ததுலயே என்னை ரொம்ப நேரம் யோசிக்க வச்சது இதுதான்.

பேச்சு வழக்குல "ஐ டோன்ட் ஒர்க்"னா சம்பளத்துக்கு போகலன்னுதான் கேக்கறவங்களுக்கு புரியும், இலக்கணத்துல தப்பு எதுவும் இல்ல. ஆனா நீங்க சொல்றது உண்மையானு பார்த்தா, இல்ல. நான் ஆறுதலுக்கு சொல்லல. 2013-ல ஜெனிவால நடந்த தொழிலாளர் புள்ளியியலாளர்களோட 19ஆவது சர்வதேச மாநாட்டுல ஒர்க்னா என்னன்னு ஒரு வரையறை தீர்மானமா போட்டாங்க. ஐ.எல்.ஓ., அதாவது ஐ.நா.வோட சர்வதேச தொழிலாளர் அமைப்பு, கூட்டற மாநாடு அது. அடுத்தவங்களுக்காகவோ நமக்காகவோ பொருள் தயாரிக்கற, சேவை செய்யற எந்த செயலா இருந்தாலும் அது ஒர்க். ஆணா பெண்ணா, என்ன வயசுங்கறதெல்லாம் கணக்கு இல்ல, காசு வருதா வரலயாங்கறதும் கணக்கு இல்ல. அந்த ஒர்க்குக்குள்ள கூலிக்காகவோ லாபத்துக்காகவோ செய்யற பகுதிக்கு மட்டும் எம்ப்ளாய்மென்ட்னு தனிப் பேரு கொடுத்தாங்க. அப்ப வீட்டு ஆளுங்களுக்காக செய்யற வேலை, சம்பளம் இல்லாத ட்ரெயினி வேலை, தன்னார்வலரா செய்யறது எல்லாமே ஒர்க் கணக்குல வந்துடுது, எம்ப்ளாய்மென்ட் கணக்குல வராது.

அதனால உங்க நெலமைக்கு பொருந்தற வாக்கியம் "ஐம் நாட் எம்ப்ளாய்ட்", இல்லன்னா "ஐ டோன்ட் ஒர்க் அவுட்சைட் தி ஹோம்". அன்எம்ப்ளாய்ட்னு சொல்லிடாதீங்க, அது வேற. புள்ளிவிவரத்துல அந்த சொல்லுக்கு வேலை இல்லாம இருக்கணும், தேடிட்டும் இருக்கணும், கெடைச்சா சேர ரெடியாவும் இருக்கணும், மூணும் சேர்ந்தாதான் அன்எம்ப்ளாய்ட். நீங்க தேடலயே.

ஃபார்முக்கு வருவோம். ஆக்குபேஷன்ங்கற சொல் நேரத்தையும் ஆளையும் புடிச்சு வச்சுக்கறதுங்கற லத்தீன் வேர்ல இருந்து வந்தது. ஒரு நாட்டுப் படை இன்னொரு நாட்ட புடிச்சு வச்சுக்கறதுக்கும் அதே சொல்தான் பாருங்க. உங்க நாள எது புடிச்சு வச்சிருக்குங்கறதுதான் அந்த கட்டத்தோட கேள்வி. ஹோம்மேக்கர்னு எழுதுங்க. மாமியார பார்த்துக்கறதும் சேரணும்னா "ஹோம்மேக்கர் அண்ட் கேர்கிவர்"னு எழுதலாம், தாராளமா எழுதலாம். படிக்கற பையன் ஸ்டூடன்ட்னும் ஓய்வு பெற்றவர் ரிடையர்ட்னும் அதே கட்டத்துலதான் எழுதறாங்க. நில்னு எழுதாதீங்க, இனிமே எழுதவே எழுதாதீங்க.

இத படிக்கற மத்தவங்களுக்கும் ஒண்ணு, ஆக்குபேஷன் கட்டத்துல கம்பெனி பேர எழுதறது தப்பு. ஜாப்னா ஒரு ஆளோட ஒரு எடத்து வேலை, ஆக்குபேஷன்னா ஒரே மாதிரி ஜாப்புங்களோட வகை. ஐ.எல்.ஓ. வச்சிருக்கற உலகப் பட்டியல், ஐ.எஸ்.சி.ஓ-08னு பேரு, அதுல வேலைகள 10 பெரிய பிரிவா பிரிச்சு கடைசியா 436 சின்ன வகையில கொண்டு வந்து நிறுத்தறாங்க. நீங்க கம்பெனி மாறினா ஜாப் மாறும், ஆக்குபேஷன் மாறாது. அக்கவுன்டன்ட் எங்க போனாலும் அக்கவுன்டன்ட்தான்.

கேள்வி: என் பையன் எலக்ட்ரீஷியன், நல்லா சம்பாதிக்கறான், கூட ரெண்டு பசங்கள வச்சு வேலை கத்துக் கொடுக்கறான். சொந்தக்காரர் ஒருத்தர் "அது ஜாப்தான், கரியர் கெடையாது, ப்ரொஃபஷனும் கெடையாது"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு. இந்த வார்த்தைங்களுக்கு உண்மையான அர்த்தம் என்னம்மா? பையன் ஒண்ணும் சொல்லல, எனக்குத்தான் மனசு ஆறல.

பதில்: ஐயா, உங்க பையனுக்கு இருக்கறது கரியர்தான். உங்க சொந்தக்காரரு பாதி மட்டும் தெரிஞ்சுக்கிட்டு பேசியிருக்காரு.

கரியர்ங்கற சொல்லுக்கு மூலத்துல வண்டிப் பாதை, ஓட்டப் பந்தயத் தடம்னு அர்த்தம். அதனாலதான் ஒரு வண்டி கட்டுப்பாடு இல்லாம தாறுமாறா ஓடினாலும் "கரீர்ட் டவுன் தி ரோட்"னு எழுதறாங்க. ஒருத்தரோட உழைப்பு வாழ்க்கை போற பாதைங்கற அர்த்தம் 19ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல வந்து சேர்ந்தது. பாதைனா அதுல நகர்வு இருக்கணும், ஒரு எடத்துல தொடங்கி, கத்துக்கிட்டு, பொறுப்பு கூடி, வருஷக்கணக்கா போயிட்டிருக்கணும். என்ன வேலைங்கறது அங்க முக்கியமே இல்ல. ஹெல்பரா தொடங்கி, தானே ஒயரிங் போட கத்துக்கிட்டு, இப்ப ரெண்டு பேருக்கு சொல்லிக் கொடுக்கற வரைக்கும் வந்திருக்காரு உங்க பையன், அது நூத்துக்கு நூறு கரியர். பெரிய ஆபீஸ்ல ஏசி ரூம்ல ஒக்காந்து, சம்பந்தமே இல்லாம ஆறு மாசத்துக்கு ஒரு வேலைய மாத்திட்டு இருந்தா அவருக்கு நெறைய ஜாப்ஸ் இருக்கும், கரியர்னு சொல்றதுக்கு யோசிக்கணும்.

ப்ரொஃபஷன்ல மட்டும் அவரு சொன்னதுல கொஞ்சம் விஷயம் இருக்கு, ஆனா அவரு நெனச்ச காரணத்துக்காக இல்ல. ப்ரொஃபெஸ்னா எல்லார் முன்னாடியும் அறிவிக்கறது, உறுதி எடுத்துக்கறது. முதல்ல மடத்துல சேர்றவங்க எடுக்கற உறுதிமொழிக்குத்தான் அந்தப் பேரு இருந்தது. அப்புறம் மதக் கல்வி, சட்டம், மருத்துவம்னு மூணுக்கு மட்டும் ப்ரொஃபஷன்னு சொல்லிட்டு இருந்தாங்க. இன்னிக்கு வட்டம் பெருசாயிடுச்சு, நீண்ட படிப்பு, லைசென்ஸ், ஒழுங்குமுறை பார்க்கறதுக்கு ஒரு கவுன்சில் இதெல்லாம் இருந்தா ப்ரொஃபஷன்ங்கறாங்க, டாக்டர், வக்கீல், ஆர்க்கிடெக்ட், நர்ஸ் இப்படி.

எலக்ட்ரீஷியனுக்கு, கார்பென்டருக்கு, பிளம்பருக்கு இங்கிலீஷ்ல உள்ள சொல் ட்ரேட். இது கொறச்ச சொல் இல்லங்க ஐயா. ட்ரேட்ன்னதும் வியாபாரம்தான் நமக்கு ஞாபகம் வரும், ஆனா அந்த சொல்லும் முதல்ல பாதை, தடம்ங்கற அர்த்தத்துலதான் இருந்தது, ஒருத்தர் தெனமும் நடக்கற வழி அவரோட தொழில் ஆயிடுச்சு. ஆக கரியர், ட்ரேட் ரெண்டுமே வேர்ல பாதைதான், உங்க சொந்தக்காரருக்கு இத சொல்லுங்க. 1563-ல இங்கிலாந்துல ஒரு சட்டம் போட்டாங்க, ஸ்டாட்யூட் ஆஃப் ஆர்டிஃபைசர்ஸ்னு, அதுப்படி ஒருத்தர் ஒரு ட்ரேட்ல எறங்கணும்னா கொறஞ்சது 7 வருஷம் அப்ரென்டிஸா இருந்திருக்கணும். ஏழு வருஷம்! அவ்வளவு கத்துக்கணும்னு நெனச்சாங்க. "ஹீ இஸ் அன் எலக்ட்ரீஷியன் பை ட்ரேட்"னு சொன்னா, இவரு இத முறையா கத்தவருன்னு ஒரு கனமான வாக்கியம். வக்கீலுக்கு "பை ப்ரொஃபஷன்", எலக்ட்ரீஷியனுக்கு "பை ட்ரேட்", ரெண்டும் ஒரே மரியாதைல நிக்கற சொல்.

இன்னொண்ணு, ப்ரொஃபஷனல்ங்கற சொல் இப்ப தனி வழில போயிடுச்சு. காசு வாங்கிட்டு விளையாடறவரு ப்ரொஃபஷனல், ஆசைக்கு விளையாடறவரு அமெச்சூர். வேலை சுத்தமா, சொன்ன நேரத்துக்கு, பொறுப்பா இருந்தா "வெரி ப்ரொஃபஷனல்"ங்கறோம், அது எலக்ட்ரீஷியனுக்கும் வரும். டாக்டர்ல கூட அப்படி இல்லாதவங்க உண்டு.

உச்சரிப்பையும் இங்கயே சொல்லிடறேன், தமிழ்ல ரெண்டையும் கேரியர்னே எழுதி குழப்பி வச்சிருக்கோம். வேலை வாழ்க்கைக்கு கரீயர், அழுத்தம் "ரீ"ல விழணும். சைக்கிள் பின்னாடி இருக்கறது கேரியர், அழுத்தம் "கே"ல. இன்டர்வியூல "மை கேரியர்"னு சொன்னா பெருசா ஒண்ணும் ஆயிடாது, புரிஞ்சுப்பாங்க. ஆனா ரெஸ்யூமேல ஸ்பெல்லிங் மாறி "கேரியர் அப்ஜெக்டிவ்"னு முதல் வரியிலயே நின்னா கண்ண உறுத்தும்.

கேள்வி: வொகேஷன், வேகேஷன்?

பதில்: ஓ போட்டா அழைப்பு, ஏ போட்டா லீவு. வொகேஷன் கூப்பிடறதுங்கற லத்தீன் வேர்ல இருந்து வந்தது, உள்ளேர்ந்து ஏதோ கூப்பிட்டு ஒருத்தர் போற வேலை, நர்ஸிங், டீச்சிங், துறவறம் இதுக்கெல்லாம் அதிகமா சொல்வாங்க. சம்பளம் கொறச்சலா இருந்தாலும் விட மாட்டாங்கங்கற ஒரு தொனி அதுல இருக்கும். வொகேஷனல் ட்ரெயினிங்னு வந்தா மட்டும் அந்த தொனி கெடையாது, தொழிற்பயிற்சின்னு நேரா எடுத்துக்குங்க.

கேள்வி: மேடம், போன வருஷம் எங்க டீமையே கலைச்சுட்டாங்க. இப்ப வெளிநாட்டு கம்பெனி ஒண்ணுக்கு இன்டர்வியூ போயிட்டிருக்கேன், ஏன் பழைய வேலைய விட்டீங்கன்னு கேட்டாங்க, "ஐ வாஸ் டெர்மினேட்டட், ஐ வாஸ் ரிலீவ்ட் இன் மார்ச்"னு சொன்னேன். அதுக்கப்புறம் அந்தப் பக்கம் பேச்சே மாறிடுச்சு. நான் உண்மையத்தானே சொன்னேன்?

பதில்: உண்மைய சொல்லத்தான் நெனச்சீங்க, ஆனா அவங்க காதுல வேற ஒண்ணு விழுந்திருக்கு. இத நீளமாவே சொல்றேன், ஏன்னா இங்க ஒரு வார்த்தை மாறினா வேலையே போயிடுது.

இங்கிலீஷ்ல வேலை போறதுக்கு இருக்கற சொல்லெல்லாம் ரெண்டு கூட்டமா நிக்குது. ஒண்ணுல தப்பு ஆளு மேல, இன்னொண்ணுல காரணம் கம்பெனி. ஃபயர்ட், சாக்ட், டிஸ்மிஸ்ட் முதல் கூட்டம். சரியா வேலை செய்யல, இல்ல ஏதோ ஒழுங்கீனம், அதனால அனுப்பிட்டாங்கன்னு அர்த்தம். ஃபயர்ட்ங்கறது 19ஆம் நூற்றாண்டு கடைசில அமெரிக்காவுல வந்த பேச்சு. டிஸ்சார்ஜ்னா ஆள வெளியேத்தறதும்தான் துப்பாக்கிய சுடறதும்தான், அந்த சிலேடைல வந்திருக்கணும்னு சொல்றாங்க. சாக்ட் பிரிட்டிஷ்காரங்க சொல்றது.

லெய்ட் ஆஃப், மேட் ரிடண்டன்ட் ரெண்டாவது கூட்டம். ஆள் மேல குத்தம் இல்ல, வேலையே இல்லாம போச்சு. ரிடண்டன்ட்ங்கறத நல்லா கவனிங்க, பிரிட்டன்ல அது சட்டச் சொல். 1996-ல வந்த எம்ப்ளாய்மென்ட் ரைட்ஸ் ஆக்ட்ல அதுக்கு வரையறையே இருக்கு, அந்த எடத்துல அந்த மாதிரி வேலைக்கு ஆள் தேவை இல்லாம போனா, கொறஞ்சா, இல்ல நிறுவனமே மூடினா அது ரிடண்டன்சி. 2 வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு சட்டப்படி ஒரு தொகையும் உண்டு. அதனால பிரிட்டன்ல "ஐ வாஸ் மேட் ரிடண்டன்ட்"னு சொன்னா யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க.

லெய்ட் ஆஃப் அமெரிக்காவுல இப்ப பெரும்பாலும் நிரந்தரமாவே அனுப்பினதத்தான் சொல்லுது, ஆனா ஒரு காலத்துல ஆர்டர் இல்லாத மாசத்துல நிறுத்தி வச்சு அப்புறம் திரும்பக் கூப்பிடறதுன்னுதான் அர்த்தம் இருந்தது. பிரிட்டன்ல சட்டப்படி லே-ஆஃப்னா இன்னும் அந்த தற்காலிக அர்த்தம்தான். 2020-ல கொரோனா நேரத்துல எல்லார் வாய்லயும் வந்த ஃபர்லோங்கறது வேற, ஆளு வேலைலதான் இருக்காரு, வேலைக்கு வர வேணாம்னு சொல்லியிருக்காங்க, அவ்வளவுதான்.

இப்ப உங்க வாக்கியம். டெர்மினேட்டட்னு ஆளோட சேர்த்து சொன்னா வெளிநாட்டுக்காரங்க காதுல அது ஃபயர்ட்தான். காண்ட்ராக்ட்டோட சேர்த்து, "மை காண்ட்ராக்ட் எண்டட்"னு சொன்னா ஒரு பிரச்சனையும் இல்ல. ரிலீவ்ட் இன்னும் மோசம். நமக்கு ரிலீவிங் லெட்டர், ரிலீவிங் டேட்டெல்லாம் சாதாரண பேச்சு, நோட்டீஸ் பீரியட முடிச்சு ஒழுங்கா வெளில வந்தோம்னு அர்த்தம். அங்க "ஹீ வாஸ் ரிலீவ்ட் ஆஃப் ஹிஸ் டியூட்டீஸ்"னு ஒரு செய்தி வந்தா, அந்த மேனேஜர பதவிலேர்ந்து தூக்கிட்டாங்கன்னு அர்த்தம். ரெண்டையும் நீங்க ஒரே மூச்சுல சொல்லியிருக்கீங்க, ரெண்டு தடவை நீக்கப்பட்ட மாதிரி கேட்டிருக்கும் அவங்களுக்கு.

அடுத்த தடவை இப்படி சொல்லுங்க: "மை என்டையர் டீம் வாஸ் லெய்ட் ஆஃப் இன் எ ரீஸ்ட்ரக்சரிங்." டீம் மொத்தமும்ங்கறது முக்கியம், அத விட்டுடாதீங்க. கடைசி நாள சொல்லணும்னா "மை லாஸ்ட் டே வாஸ் இன் மார்ச்". உங்கள இன்டர்வியூ எடுத்த அந்த வெளிநாட்டு கம்பெனிக்கு முடிஞ்சா ஒரு மெயில் போட்டு இத தெளிவா எழுதுங்க, வார்த்தைல வந்த கொழப்பம்னு ரெண்டு வரி போதும். சில பேர் திரும்பக் கூப்பிடுவாங்க, கூப்பிடலன்னாலும் நஷ்டம் எதுவும் இல்ல.

நீங்களா விட்டா ரிசைன்ட், பேச்சுல க்விட். வயசாகி ஓய்வு பெற்றா ரிடையர்ட். "லெட் கோ"ன்னு ஒண்ணு இருக்கு, "தே லெட் மீ கோ", நாசூக்கா சொல்ற மாதிரி இருக்கும் ஆனா எந்தக் கூட்டம்னு தெளிவா தெரியாது, கேக்கறவரு சந்தேகத்தோடயே இருப்பாரு. இன்டர்வியூல அத தவிர்த்துடுங்க.

கேள்வி: சேலரி, வேஜஸ், ஸ்டைபெண்ட் இதெல்லாம் எங்க எங்க வரும்?

பதில்: சம்பளம், கூலின்னு நம்மகிட்டயே பிரிவு இருக்கே, கிட்டத்தட்ட அதேதான். வருஷத்துக்கு இவ்வளவுன்னு பேசி மாசா மாசம் வந்தா சேலரி, மணிக்கணக்கு நாள்கணக்கு வச்சு வந்தா வேஜ். அமெரிக்காவுல 1938-ல மினிமம் வேஜ் சட்டம் போட்டப்போ மணிக்கு 25 சென்ட்னுதான் வச்சாங்க, மாசத்துக்கு இவ்வளவுன்னு இல்ல. பேங்க்ல, பேச்சுல ரெண்டுக்கும் பொதுவா பே-ன்னு சொல்லிட்டா தப்பே வராது.

பயிற்சில இருக்கறவங்களுக்கு, ஆராய்ச்சி மாணவர்களுக்கு செலவுக்குன்னு கொடுக்கறது ஸ்டைபெண்ட். டாக்டர், வக்கீல் வாங்கறது ஃபீ. ஒரு எடத்துல போய் பேசிட்டு வந்ததுக்கு மரியாதைக்கு கொடுக்கறது ஹானரேரியம், அத பேரம் பேசற வழக்கம் இல்ல.

கேள்வி: எங்க ஆபீஸ் நோட்டீஸ்ல "ஆல் ஸ்டாஃப்ஸ் ஆர் ரெக்வெஸ்டட்"னு போட்டிருக்காங்க, தப்புன்னு நான் சொன்னா ஒத்துக்க மாட்டேங்கறாங்க. அதோட போஸ்ட், பொசிஷன், வேகன்சி, டெசிக்னேஷன் நாலையும் கொஞ்சம் பிரிச்சு சொல்லுங்க.

பதில்: நீங்க சொன்னதுதான் சரி. ஸ்டாஃப்ங்கறது மொத்த ஆளுங்களையும் சேர்த்து ஒரு சொல். "எ ஸ்டாஃப்"னு ஒத்தையா சொன்னா கைத்தடின்னு அர்த்தம் வந்துடும். ஒருத்தர சொல்லணும்னா "எ ஸ்டாஃப் மெம்பர்", இல்ல "எ மெம்பர் ஆஃப் ஸ்டாஃப்". நோட்டீஸ்ல "ஆல் ஸ்டாஃப் ஆர் ரெக்வெஸ்டட்"னு ஒரு எஸ்ஸ மட்டும் எடுத்துட்டா போதும். வேற வேற நிறுவனத்தோட ஸ்டாஃப பேசறப்போ மட்டும் ஸ்டாஃப்ஸ்னு வரலாம், உங்க நோட்டீஸ்க்கு அது பொருந்தாது.

போஸ்ட், பொசிஷன் ரெண்டும் அந்த நாற்காலி, ஆள் இருந்தாலும் இல்லன்னாலும் நாற்காலி இருக்கும். போஸ்ட் பிரிட்டிஷ் வழக்கு, அரசாங்கத்துல, யுனிவர்சிட்டில அதிகம். பொசிஷன் எல்லா எடத்துலயும் செல்லும். நாற்காலி காலியா இருந்தா வேகன்சி, அமெரிக்காக்காரங்க ஓப்பனிங்ங்கறாங்க. அதனால "வேகன்ட் போஸ்ட்"னு சொல்லலாம், "ஐ காட் எ வேகன்சி"ன்னு சொன்னா தப்பு, கெடைச்சது காலியிடம் இல்லயே, வேலைதானே. டெசிக்னேஷன்னு நம்ம பக்கம் கேக்கறத மத்த நாட்டுக்காரங்க ஜாப் டைட்டில்னு கேப்பாங்க, "வாட்ஸ் யுவர் டெசிக்னேஷன்?"னு கேட்டா கொஞ்சம் முழிப்பாங்க. ஃபிரெஷரும் அப்படித்தான், பிரிட்டன்ல அது யுனிவர்சிட்டில முதல் வருஷம் சேர்ந்த பசங்க, வேலைக்கு புதுசா வர்றவங்கள "ரீசன்ட் கிராஜுவேட்"னு எழுதுங்க.

கேள்வி: அக்கா, ஒர்க்குக்கு பக்கத்துல ஃபார், அட், இன், ஆன், வித் எது போடணும்னு ஒவ்வொரு தடவையும் தடுமாறறேன். புதுசா பார்க்கறவங்க என்ன வேலைல இருக்காங்கன்னு கேக்க "வாட் ஆர் யூ டூயிங்?"னு கேக்கறேன், அவங்க ஒரு மாதிரி பார்க்கறாங்க.

பதில்: ரெண்டாவதுக்கு முதல்ல சொல்றேன்மா. "வாட் ஆர் யூ டூயிங்?"னா இப்ப இந்த நிமிஷம் என்ன பண்ணிட்டிருக்கீங்கன்னு அர்த்தம், குரல் கொஞ்சம் ஒசந்தா "என்ன பண்ணி வச்சிருக்க?"ன்னு அதட்டற மாதிரி கூட ஆயிடும். வேலைய கேக்க "வாட் டூ யூ டூ?". அது மொட்டையா தெரிஞ்சா "வாட் டூ யூ டூ ஃபார் எ லிவிங்?"னு நீட்டிக்கலாம். "வாட் இஸ் யுவர் ஜாப்?" தப்பு இல்ல, ஆனா ஃபார்ம் நிரப்பற ஆபீசர் கேக்கற மாதிரி இருக்கும்.

இப்ப முதல் கேள்வி. சம்பளம் கொடுக்கறவங்களுக்கு முன்னாடி ஃபார், "ஐ ஒர்க் ஃபார் எ பேங்க்". எடத்துக்கு அட், "ஐ ஒர்க் அட் எ ஹாஸ்பிடல்". டிபார்ட்மென்ட்டுக்கும் துறைக்கும் இன், "ஐ ஒர்க் இன் அக்கவுண்ட்ஸ்". கைல இப்ப இருக்கற ப்ராஜெக்ட்டுக்கு ஆன். பதவி பேருக்கு ஆஸ், "ஐ ஒர்க் ஆஸ் எ டிசைனர்". வித் போட்டா கூட வேலை பார்க்கற ஆளுங்க, இல்ல நாம கையாளற ஆளுங்க, "ஐ ஒர்க் வித் சில்ட்ரன்". கம்பெனி பேருக்கு முன்னாடி வித் போடறது நம்ம பக்கம் ரொம்ப ஜாஸ்தி, அது முழுத் தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா கேக்கறவரு நீங்க அங்க சம்பளத்துக்கு இருக்கீங்களா இல்ல வெளில இருந்து சேர்ந்து செய்யறீங்களான்னு குழம்பலாம். ஃப்ரீலான்ஸ் பண்றவங்களுக்கு அந்த வித் சரியா பொருந்தும், நீங்க சம்பளத்துல இருந்தா ஃபார் போடுங்க.

அப்புறம் "ஐ ஆம் ஒர்க்கிங் ஆஸ் எ டீச்சர்"னு ஆரம்பிக்காதீங்க, இப்போதைக்குதான் பார்த்துட்டிருக்கேன், சீக்கிரம் விட்டுடுவேன்ங்கற மாதிரி ஒரு சாயல் அதுல வரும். நிரந்தரமா இருக்கறவங்க "ஐ ஒர்க் ஆஸ் எ டீச்சர்"னு சொல்லணும், அதவிட சுருக்கமா "ஐம் எ டீச்சர்"னு சொன்னா இன்னும் இயல்பா இருக்கும்.